ஒரு கை மட்டும் தெரிந்தால் போதும்

இரும்புக்கை மாயாவிக்கு உடை தைக்க வேண்டியதில்லை. உடம்பில் மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்துபோவார். போட்டிருக்கும் சட்டையும் கோட்டும் அவரோடு சேர்ந்து மறையும். வலது கை இருந்த இடத்தில் ஓர் இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் நகரும், கதவைத் திறக்கும், துப்பாக்கியைப் பிடுங்கும், வில்லனின் கழுத்தைப் பிடிக்கும். 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக அந்தக் கதை வந்தது. அதற்குப் பத்தாண்டுகள் முன்னால், 1962-ல், லண்டனில் வெளியான ‘வேலியண்ட்’ வார இதழில் பிறந்த பாத்திரம் அது. படம் வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. ஆனால் தமிழில் படித்து வளர்ந்த எங்களுக்கு லண்டனும் தெரியாது, ஸ்பெயினும் தெரியாது. மாயாவி சிவகாசிக்காரர், அவ்வளவுதான்.

மேற்குத் தாம்பரத்தில் எண்பதுகளின் கடைசியில் எங்கள் தெருப் பையன்களிடம் நாலைந்து முத்து காமிக்ஸ் புத்தகங்கள் கைமாறிக்கொண்டே இருந்தன. அட்டை கிழிந்து, ஓரம் சுருண்டு, யாருடையது என்று யாருக்கும் நினைவில்லாத புத்தகங்கள். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளைச் சேர்த்து வைத்து விரல் விரலாகச் சுற்றிக்கொண்டு நாங்கள் மாயாவி ஆனோம். எந்த வீட்டில் காமிக்ஸ் இருந்ததோ அந்த வீட்டு அம்மாவுக்கு ப்ளக் பாயிண்டைப் பற்றிக் கவலையும் இருந்தது. மின்சாரம் பட்டால் மறைந்துபோகலாம் என்று எட்டு வயதுப் பையன் படித்துவிட்டு வந்தால் எந்தத் தாய் நிம்மதியாக இருப்பாள்?

2024 பொங்கல் முடிந்த வாரம் கிழக்குத் தாம்பரத்திலிருந்து அக்கா மகள் வந்தாள். கல்லூரியில் முதல் வருடம். பிப்ரவரி 17, 18 தேதிகளில் நந்தம்பாக்கம் சென்னை வர்த்தக மையத்தில் காமிக் கான் நடக்கப்போகிறது என்றாள். 2011-ல் தில்லியில் தொடங்கிய விழா, சென்னைக்கு வருவது இதுதான் முதல் தடவை. அங்கே வேஷம் கட்டிக்கொண்டு போகலாம். போகிறவர்களில் பலர் அப்படித்தான் போவார்கள். அவளுக்கு அயன்மேனாகப் போக ஆசை.

கைப்பேசியில் அவள் காட்டிய ஆயத்தக் கவசங்களின் விலையைப் பார்த்தேன். தலைக்கவசம் மட்டுமே பல ஆயிரம். முழு உடம்புக்கும் என்றால் அக்கா வீட்டின் சில மாத மளிகைச் செலவு. நுழைவுச் சீட்டு வாங்கியது போக அவள் கையில் ஆயிரம் ரூபாய் இருந்தது. மேற்கொண்டு நான் தருகிறேன் என்றதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

“இதுக்குள்ளயே முடிக்கணும் மாமா. காசு குடுத்து வாங்குனா அது என் வேஷம் இல்ல.”

அந்த வார்த்தை எனக்குப் பிடித்தது. ஆயிரம் ரூபாயை உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை பரப்பினால் ஒவ்வொரு இடத்துக்கும் நூறு ரூபாய்கூடத் தேறாது. எல்லா இடமும் அரைகுறையாக நிற்கும். அதையே ஒரே இடத்தில் கொட்டினால்? அலமாரியிலிருந்து மாயாவியை எடுத்து அவளிடம் கொடுத்தேன். மத்தியானம் சாப்பாட்டுக்குக்கூட எழுந்து வராமல் படித்தாள்.

படித்து முடித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, “உடம்பு தெரியாதுன்னா நான் எப்படி நிக்கிறது?” பதிலையும் அவளே சொன்னாள். தொலைக்காட்சி நடனப் போட்டிகளில் உச்சிமுதல் பாதம்வரை கறுப்பு உடுத்திக்கொண்டு ஒரு குழு வருமே, கையில் பிடித்திருக்கும் பொருள் மட்டும் மிதப்பதுபோல் ஆட்டுவார்களே, அந்த வழி. உடம்பு முழுக்கக் கறுப்பு, முகமும் கறுப்பு, வலது கை மட்டும் இரும்பு.

“அங்க லைட் பளிச்சுன்னு போட்டிருப்பாங்களே, கறுப்புச் சட்டை போட்ட ஆளு நல்லாவே தெரியுமே” என்று அக்கா கேட்டாள்.

“தெரியட்டும்மா. இல்லைன்னு நினைச்சுக்கிறது பாக்குறவங்க வேலை.”

கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பதிலில் சந்தேகமே வராது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் விடியவிடிய நடக்கும் தெருக்கூத்தில் ஒரு மரப்பெட்டி சிம்மாசனம் ஆகும், இருவர் பிடிக்கும் ஒரு துணி திரையாகும். யாரும் எழுந்து கேள்வி கேட்டதில்லை. பதினெட்டு வயதுப் பெண் கூத்தைப் பார்க்காமலேயே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டாள்.

கறுப்பு உடைக்குச் செலவே இல்லை. மகர ஜோதி முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. தெருவில் பாதி வீட்டுப் பீரோவில் ஐயப்ப மாலைக்கு வாங்கிய கறுப்புச் சட்டை துவைத்து மடித்து இருந்தது. பக்கத்து வீட்டுத் தம்பியின் முழுக்கைச் சட்டை அவளுக்குச் சரியாக இருந்தது. கால்சட்டை அவளிடமே இருந்தது.

மீதி இருந்தது கையும் முகமும். முகமூடிக்குத் துணி வாங்கத் தாம்பரத்துக்காரன் தி.நகருக்குப் போக வேண்டியதில்லை. சானடோரியம் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் 1984-ல் தொடங்கியது. அதன் தையல் கம்பெனிகளில் எங்கள் பக்கத்துப் பெண்கள் ஏராளமானவர்கள் வேலை பார்த்திருக்கிறார்கள். கடப்பேரிப் பக்கம் கட் பீஸ் துணியை எடை போட்டு விற்கும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. கறுப்புப் பனியன் துணி அரைக் கிலோ வாங்கினோம். அது முகமூடிக்கும் இடது கையுறைக்கும் போதுமானதாக இருந்தது.

பனியன் துணி தைப்பது லேசான வேலை இல்லை. சாதாரணத் துணிக்குப் போடும் கூர் ஊசி அதன் இழையை அறுத்துவிடும். முனை மழுங்கிய ஊசி வேண்டும். தையலும் துணியோடு சேர்ந்து இழுபட வேண்டும், இல்லாவிட்டால் தலையை நுழைக்கும்போதே நூல் பட்டென்று அறுந்துவிடும். கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் தைப்பார்கள். எங்களிடம் இருந்தது அம்மாவின் கால் மிஷின். முன்பு மெப்ஸில் வேலை பார்த்த எதிர்வீட்டு அக்கா வந்து உட்கார்ந்து காட்டினார்: தைக்கும்போது முன்னும் பின்னும் துணியைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டு தைக்க வேண்டும். துணி தளர்ந்ததும் தையலும் தளர்ந்து உட்காரும். பிறகு எவ்வளவு இழுத்தாலும் அறுந்துபோகாது. முகத்தின் முன்பக்கத்தில் மட்டும் பனியன் துணியை வெட்டிவிட்டு ஒற்றை அடுக்குக் கறுப்பு நெட் துணி வைத்தார். வெளியிலிருந்து பார்த்தால் முகம் இருட்டு. உள்ளேயிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும், மூச்சும் முட்டாது. சென்னையில் பிப்ரவரி மாதத்துப் பகலில்கூடத் தலையை மூடிக்கொண்டு நிற்பது சுலபமில்லை என்பதால் மூச்சு விடும் வழியை முதலிலேயே யோசிக்க வேண்டியிருந்தது.

இனி கை. அதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேஷம் முழுதும் அதில்தான் இருந்தது.

உலகம் முழுக்க வீட்டிலேயே கவசம் செய்கிறவர்கள் பெரும்பாலும் எவா ஃபோம் என்ற பொருளைப் பயன்படுத்துகிறார்கள். எத்திலீன் வினைல் அசிடேட் என்பதன் சுருக்கம். படத்தில் பளபளவென்று உலோகமாகத் தெரியும் எத்தனையோ மார்புக் கவசங்களும் தோள்பட்டைகளும் உண்மையில் இந்த ஃபோம்தான். வெளிநாட்டில் இதைக் கைவினைக் கடைகளில் சுருள் சுருளாக விற்கிறார்கள். இணையத்தில் வாங்கினால் அனுப்புகிற செலவே நம் காசைத் தின்றுவிடும். ஆனால் குரோம்பேட்டையும் பல்லாவரமும் பக்கத்திலிருக்கும் ஊர்க்காரர்களுக்கு இது புதுப் பொருளே இல்லை. நம் காலில் கிடக்கும் செருப்பில் பாதி இந்தப் பொருள்தான்.

குரோம்பேட்டை என்ற பேரே குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. தோலைக் குரோமிய உப்பில் பதனிடும் முறையை இந்தப் பக்கம் கொண்டுவந்த தொழிற்சாலை அது. ஊர் அதைச் சுற்றி வளர்ந்தது. நாகல்கேணியில் தோல் பதனிடும் ஆலைகள் வந்தன. செருப்பு, ஷூ செய்கிறவர்களும், அவர்களுக்குப் பசையும் ஷீட்டும் நூலும் விற்கிறவர்களும் வந்தார்கள். தோலும் ஷீட்டும் கையாளத் தெரிந்தவர்கள் இந்தப் பக்கம் முழுக்க இருக்கிறார்கள். ஒரு இரும்புக் கை செய்ய இதைவிட நல்ல இடம் சென்னையில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஷீட்டைக்கூட நாங்கள் கடையில் வாங்கவில்லை. வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போனோம். பழைய ட்ரங்க் சாலையில் வாரந்தோறும் கூடும் அந்தச் சந்தை தலைமுறைகளாக நடக்கிறது. கால்நடைச் சந்தையாகத் தொடங்கியது என்பார்கள். இப்போது அங்கே கிடைக்காததைச் சொல்வதுதான் கஷ்டம். ரோஜாக் கன்று, வண்ண மீன், புறா, பழைய தையல் மிஷின், ரிமோட், கழற்றிய மின்விசிறி, செத்த கைப்பேசிகள் ஒரு கூடை, ஸ்பேனர்கள் ஒரு சாக்கு விரிப்பு. காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் போனால் நல்ல சாமான் கிடைக்கும், சாயங்காலம் போனால் நல்ல விலை கிடைக்கும். நாங்கள் சாயங்காலம் போனோம்.

ஒரு விரிப்பில் குழந்தைகள் தரையில் போட்டு விளையாடும் எழுத்துப் பாய் கிடந்தது. சதுரம் சதுரமாகக் கோக்கும் பாய். பாதி எழுத்து காணாமல் போயிருந்ததால் யாரும் சீண்டவில்லை. அதே எவா ஃபோம், நல்ல தடிமன். எண்பது ரூபாய்க்கு முடிந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி, பைக் ஓட்டுகிறவர்கள் போடும் கையுறைகளைக் குவித்து வைத்திருந்தார் ஒருவர். அவள் குனிந்து கிளறிக்கொண்டே இருந்து, கறுப்பில் ஒன்றை எடுத்தாள்.

“அதுக்கு ஜோடி இல்லம்மா. வலது மட்டும்தான் இருக்குது.”

“வலதுதாண்ணா வேணும்.”

அவர் ஒரு நிமிஷம் அவள் கைகளைப் பார்த்தார். இரண்டும் இருக்கிறதா என்று பார்த்திருப்பார் போலும். இருபது ரூபாய்க்குக் கொடுத்தார். ஒற்றைக் கையுறையை வேறெந்தக் கடையில் கேட்க முடியும்? அந்தச் சந்தையின் அருமை எனக்கு அன்றுதான் முழுதாகத் தெரிந்தது. மற்ற கடைகள் முழுமையானதை மட்டும் விற்கின்றன. பல்லாவரத்தில் பாதியும் விலைபோகும், ஏனென்றால் அந்தப் பாதிக்காகவே ஒருவன் எங்கிருந்தோ வந்துகொண்டிருப்பான்.

வீட்டில் வேலை தொடங்கியது. முதலில் அச்சு எடுக்க வேண்டும். அவள் முன்கையில் மெல்லிய பாலித்தீன் தாளைச் சுற்றி, அதன் மேல் பெயிண்டர்கள் ஒட்டும் காகித டேப்பை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை இறுக்கமில்லாமல் சுற்றினேன். அவள் மார்க்கர் பேனாவால் எங்கே தகடு பிரிய வேண்டும் என்று கோடு போட்டாள். பிறகு கோட்டோடு கத்தரித்துப் பிரித்தால், வளைந்த கை தட்டையான துண்டுகளாக மேசையில் கிடந்தது. அந்தத் துண்டுகளை ஃபோமில் வைத்து வரைந்து வெட்டினால் திரும்பவும் அதே கையின் வடிவத்துக்கு வளையும். தையல்காரர்கள் பேப்பர் கட்டிங் போடுவதும் இதே கணக்குதான்.

ஃபோம் வெட்டப் பிளேடு புதிதாக இருக்க வேண்டும். பார்க்க மெத்தென்று இருந்தாலும் அது பிளேடின் கூரைச் சீக்கிரம் தின்றுவிடும். கூர் போன பிளேடு வெட்டாது, பிய்க்கும். விரல்களுக்கு எழுத்துப் பாயின் தடிமன் அதிகம். அதற்கு மட்டும் ஸ்டேஷனரி கடையில் ஏ4 அளவு மெல்லிய ஃபோம் ஷீட்டுகள் வாங்கினோம். ஒவ்வொரு விரலுக்கும் மூன்று தகடு, கட்டை விரலுக்கு இரண்டு. மீன் செதில் போல ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றால்தான் விரலை மடக்கும்போது இடைவெளி தெரியாது.

ஒட்டுகிற இடத்தில் நின்றுவிட்டோம். வெள்ளைப் பசை இந்த ஷீட்டில் பிடிக்காது. அவசரத்துக்கு வாங்கும் சொட்டுப் பசை ஒட்டும், ஆனால் காய்ந்து கண்ணாடியாகிவிடும். விரல் மடங்கினால் விட்டுப்போகும். தாம்பரம் ரயில் நிலையத்துக்கு வெளியே பல வருடமாக உட்கார்ந்து செருப்புத் தைக்கும் பெரியவரிடம் துண்டுகளை எடுத்துக்கொண்டு போனோம். அவர் ஃபோமை விரலால் நசுக்கிப் பார்த்தார், மோந்து பார்த்தார்.

“சொல்யூஷன் போடுங்க. ரெண்டு பக்கமும் தடவிட்டு சும்மா உக்காருங்க. விரல் வெச்சுப் பாருங்க, விரல்ல ஒட்டக்கூடாது. அப்ப வெச்சு அமுக்குனாத்தான் ஒட்டும். ஈரத்துல ஒட்டுனீங்க, வழுக்கிக்கிட்டே இருக்கும். அப்புறம் ஒண்ணு, ஒட்டுனா ஒட்டுனதுதான். நகத்த முடியாது. கோடு போட்டு வெச்சுக்குங்க.”

பத்து நிமிடம் சும்மா உட்காருவதுதான் அந்த வேலையின் முக்கியமான பகுதி. பசையில் இருக்கும் கரைப்பான் ஆவியாகப் போக வேண்டும். போனபின் இரண்டு ரப்பர்ப் படலங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்ய வேண்டும், வாடை தலைக்கு ஏறும். பெரியவர் இன்னொன்றும் சொல்லித் தந்தார். தோல் சீவும் கத்தியை எடுத்து விரல் தகட்டின் உள்விளிம்பைச் சாய்வாகச் சீவிக் காட்டினார். ஓரம் மெலிந்ததும் தகடு ஒன்றன்மேல் ஒன்று புடைக்காமல் படிந்தது. ஃபோமில் கவசம் செய்கிறவர்கள் காணொளியில் மணிக்கணக்காக விளக்கும் நுட்பம் இது. அவர் அரை நிமிடத்தில், பேசிக்கொண்டே செய்து முடித்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். “செஞ்சு முடிச்சு எடுத்தாந்து காட்டு பாப்பா” என்றார் அவளிடம்.

ஃபோமை வளைத்து நிறுத்தச் சூடு காட்ட வேண்டும். முடி உலர்த்தும் கருவியின் சூடு போதாது. வண்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் கடைகளில், ஸ்டிக்கர் டேங்கின் வளைவில் படிவதற்காகச் சூடான காற்று அடிக்கும் கன் வைத்திருப்பார்கள். எங்களுக்குத் தெரிந்த கடைப் பையன் மத்தியானம் வேலையில்லாத நேரத்தில் தந்தான். சூடு பட்டதும் ஃபோமின் மேல் தோல் லேசாக இறுகிப் பளபளக்கும். அதன் நுண்துளைகள் மூடிக்கொள்கின்றன; மூடாவிட்டால் அடிக்கிற பெயிண்டை எல்லாம் அது குடித்துவிடும். சூடாக இருக்கும்போதே முன்கையின் மேல் வைத்துப் பிடித்து, ஆறும்வரை விடாமல் இருந்தால் வளைவு அப்படியே நின்றுவிடும். அவள் கையில் துணி சுற்றிக்கொண்டு தானே பிடித்துக்கொண்டாள்.

அடுத்து, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையை மெல்லப் பூசிக் காயவிட்டு மறுபடி பூசினோம். இந்தப் பூச்சுதான் பெயிண்டுக்கும் ஃபோமுக்கும் நடுவில் நிற்கும் சுவர். ஆணித் தலைகளுக்கு ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும் அரை முத்து. ஜாக்கெட்டில் ஒட்டுவார்களே, அதுதான். வரிசையாக ஒட்டிக் கறுப்பு அடித்ததும் அது முத்து என்று யாராலும் சொல்ல முடியாது.

நிறம்தான் அவளைத் தூங்கவிடவில்லை. இரும்புக் கேட்டுக்கு அடிக்கும் அலுமினியப் பெயிண்டை ஒரு துண்டில் அடித்துப் பார்த்தாள். “தகர டப்பா மாதிரி இருக்கு மாமா” என்று ஓரமாக வைத்துவிட்டாள். மாயாவியின் கை வெள்ளி நிறம் இல்லை, அது இரும்பு. பிளாஸ்கோவின் படங்களில் அந்தக் கை பெரும்பாலும் நிழலில்தான் இருக்கும். ஓரங்களில் மட்டும் ஒளி விழும். கறுப்பு மையில் அவர் எடையைக் காட்டினார். அந்த எடையைப் பெயிண்டில் எப்படிக் கொண்டுவருவது?

பதில் அவளுடைய ஓவியப் பெட்டியிலேயே இருந்தது. மங்கலான கறுப்பு அக்ரிலிக்கை இரண்டு தடவை பூசிக் காயவைத்தாள். 6பி பென்சிலின் கரியைப் பிளேடால் சுரண்டித் தூளாக்கி, பழைய பனியன் துணியில் தொட்டு, மேடான இடங்களில் மட்டும் தேய்த்தாள். கிராஃபைட் கறுப்பின் மேல் படிந்து, பட்டறையில் கிடக்கும் இரும்பின் மினுமினுப்பு வந்தது. விரல் மூட்டுகளிலும் தகடுகள் சேரும் பள்ளங்களிலும் கறுப்பு அப்படியே இருந்தது. விரலை மடக்கினால் வெளிச்சம் ஒவ்வொரு விளிம்பாக நகர்ந்தது. பென்சில் கரி கையில் ஒட்டாதிருக்க மேலே மங்கல் வார்னிஷ் ஒரு பூச்சு. இந்த முழு உலோகத்துக்கும் ஆன செலவு ஒரு பென்சிலும் சின்ன பாட்டில் வார்னிஷும். அந்தக் கையை முதலில் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் எட்டு வயதில் நான் வெள்ளித்தாள் சுற்றிக்கொண்டு கற்பனை செய்த கை, முப்பத்தைந்து வருடம் கழித்து என் வீட்டு மேசையில் நிஜமாகக் கிடந்தது.

எடை பார்த்தோம். இருநூறு கிராம்கூட இல்லை.

கனமே இல்லாத ஒன்றைக் கனமாகக் காட்டுவதுதான் வேஷக் கலையின் முதல் வேலை என்று நான் நம்புகிறேன். தெருக்கூத்துக்காரர்கள் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். துரியோதனனின் கிரீடமும் புஜக்கட்டையும் மார்பில் கட்டும் பதக்கமும் தங்கமாகத் தெரிய வேண்டும், ஆனால் விடியும்வரை அவற்றைச் சுமந்துகொண்டு கிறுகிறுவென்று சுற்றி ஆட வேண்டும். அதனால் எடை குறைந்த மரத்தில் செதுக்கி, ஜிகினாத் தாளும் கண்ணாடிச் சில்லும் ஒட்டி, விளக்கு வெளிச்சத்தில் மின்ன வைத்தார்கள். மரம் மாறி ஃபோம் ஆகியிருக்கிறது, ஜிகினா மாறிக் கிராஃபைட் ஆகியிருக்கிறது, கணக்கு மாறவில்லை.

இதைச் சொல்லும்போது இன்னொருவரையும் நினைக்கிறேன். 1939-ல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் ஆக்கர்மன் என்ற ரசிகர் எதிர்கால மனிதனின் உடையில் வந்தார். இன்றைய காஸ்ப்ளேயின் தொடக்கமாக அந்த உடையைச் சொல்கிறார்கள், அவர் படமும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அந்த உடையை வடிவமைத்துத் தைத்தவர் மர்ட்டில் டக்ளஸ் என்ற பெண். தனக்கும் ஒன்று தைத்துப் போட்டுக்கொண்டு அதே மாநாட்டில் நின்றார். பேர் ரொம்ப நாள் அணிந்த ஆணுக்கே போய்க்கொண்டிருந்தது. தைத்தவரின் பேரைச் சேர்த்துச் சொல்லாத எந்த வேஷக் கதையும் எனக்குப் பாதிக் கதைதான். அதனால் இங்கேயும் எழுதிவைக்கிறேன்: தாம்பரத்து மாயாவியின் முகத்தைத் தைத்தது ஏற்றுமதிக் கம்பெனியில் சட்டை தைத்த ஒரு பெண்ணின் கை. விரலை மடங்க வைத்தது செருப்புத் தைக்கும் ஒரு கை.

கடைசியாக ஒரு சேர்மானம், அதுவும் அவள் யோசனை. பழைய அயர்ன் பாக்ஸிலிருந்து வெட்டிய வயர், ஒரு முழ நீளம், முனையில் ப்ளக். அதை இடுப்பு பெல்ட்டில் தொங்கவிட்டாள். மாயாவி மறைய வேண்டுமென்றால் கரண்ட் வேண்டுமே!

பிப்ரவரி 17, சனிக்கிழமை காலை. கையை மட்டும் துணிப்பையில் வைத்துக்கொண்டு தாம்பரத்தில் மின்ரயில் ஏறினோம். பரங்கிமலையில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து, பட் ரோடு வழியாக நந்தம்பாக்கம். வாசலில் வரிசை நீண்டிருந்தது. ஜப்பானியப் படக்கதைகளின் வண்ண வண்ணத் தலைமுடிகளும், ஸ்பைடர்மேன்கள் ஏராளமும், அட்டைப் பெட்டியில் வாள் செய்து தோளில் மாட்டிய சின்னப் பையன்களும். இப்படிப்பட்ட விழாக்களில் நிஜ உலோக ஆயுதத்தை உள்ளே விடமாட்டார்கள். சோதனை செய்த காவலர் அவள் பையிலிருந்து கையை எடுத்து, கனமாக இருக்கும் என்று நினைத்து வலுக்கொடுத்துத் தூக்கினார். கை சட்டென்று அவர் முகம் வரை எழும்பிவிட்டது. சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். எங்களுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான்.

உள்ளே அவள் கறுப்பு முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு, வலது கையைத் தோளுயரத்துக்கு உயர்த்தி, விரல்களைப் பாதி மடக்கி நின்றாள். உடனே சுற்றி வந்த இளைஞர்கள் பலர் விண்டர் சோல்ஜர் என்றார்கள். அந்த மார்வெல் பாத்திரத்துக்கு உலோகம் இடது கையில். அவள் ஒவ்வொரு முறையும் நெட்டுத் துணிக்குப் பின்னாலிருந்து பொறுமையாகச் சொன்னாள்: “இல்லீங்க. இரும்புக்கை மாயாவி. தமிழ் காமிக்ஸ். இதைவிட ரொம்பப் பழசு.” சிலர் உடனே கைப்பேசியில் தேடினார்கள். ஒரு பையன் ப்ளக் எதற்கு என்று கேட்க, முழுக் கதையையும் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மத்தியானத்துக்கு மேல் மகனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த ஒருவர், என் வயதிருக்கும், தூரத்திலிருந்தே நின்றுவிட்டார். கையைப் பார்த்தார், ப்ளக்கைப் பார்த்தார். “மாயாவி!” என்று அவர் கத்தியதில் பக்கத்து ஸ்டாலில் இருந்தவர்கள் திரும்பினார்கள். மகனின் தோளைப் பிடித்து உலுக்கி, “சொன்னேன்ல, சொன்னேன்ல, இவருதான்” என்றார். இவர் என்று சொன்னது ஒரு பெண் பிள்ளையை. அதை அவரும் கவனிக்கவில்லை, அவளும் திருத்தவில்லை. அவருக்குப் பின்னால் இன்னும் இருவர் வந்தார்கள். எந்தக் கதையில் கை சுட்டுவிரலால் சுடும், எதில் நிழற்படை என்ற உளவு அமைப்புக்கு மாயாவி வேலை செய்வார் என்று மூவரும் ஒருவரையொருவர் அறியாமலேயே பேச்சில் சேர்ந்துகொண்டார்கள். நானும் சேர்ந்துகொண்டேன். அரை மணி நேரம் கழித்துத்தான் ஒருவர் பேரை ஒருவர் கேட்டோம்.

மேடைப் போட்டிக்கு அவள் பேர் கொடுக்கவில்லை. மாசக்கணக்கில் உழைத்து, எல்.ஈ.டி. விளக்கும் மோட்டாரும் வைத்துக் கவசம் செய்து வந்தவர்கள் அங்கே இருந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவரிடமும் போய், தோள்பட்டையை எப்படி மாட்டினீர்கள், பெயிண்ட் என்ன, உட்கார முடிகிறதா என்று கேட்டுக்கொண்டே திரிந்தாள். யாரும் மறைக்கவில்லை. ஒருத்தி தன் முழங்கால் கவசத்தைக் கழற்றியே கையில் கொடுத்தாள். பதிலுக்கு அவள் பென்சில் கரி வித்தையைச் சொன்னாள். செய்கிறவர்கள் செய்கிறவர்களிடம் பேசும் பேச்சு அது, எனக்குப் பாதிதான் புரிந்தது.

திங்கட்கிழமை கல்லூரி முடிந்ததும் நேராகத் தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போய், சொன்னபடி கையைப் பெரியவரிடம் காட்டியிருக்கிறாள். அவர் மாட்டிப் பார்த்து, மடக்கிப் பார்த்து, கட்டை விரல் அடியில் தையல் இல்லாமல் வெறும் பசையில் நிற்கிறது, நாலு குத்துப் போட்டால் பத்து வருஷம் வரும் என்று அங்கேயே ஊசி நூல் எடுத்துப் போட்டுக் கொடுத்தாராம். மொத்தக் கணக்கில் ஆயிரத்தில் நூற்றிச் சொச்சம் மிச்சம். அதை என்னிடம் காட்டிவிட்டு, “அடுத்தது சட்டித்தலையன் ஆர்ச்சி மாமா” என்றாள். லயன் காமிக்ஸின் இரும்பு ரோபோ. உருண்டைத் தலை, உருளை உடம்பு, ஆளைவிட உயரம்.

“அதுக்கு மறைய எதுவும் இல்லையே, முழு உடம்பும் தெரியுமே” என்றேன்.

“ஃப்ரிட்ஜ் வர்ற அட்டைப் பெட்டி எங்க கிடைக்கும்னு மட்டும் சொல்லுங்க.”

எங்கள் ஊர் ராஜாஜி சாலைக் கடைகளில் சாமான் இறக்கும் நேரம் காலை பத்தரைக்கு மேல். நாளைக்கே போவோம் என்றேன்.